முடுகுதலும் முடுக்குதலும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் உயிர் வரலாறு

பெங்களூரு அடுகோடியில் ஒசூர் சாலையை ஒட்டி இரண்டு பெரிய வளாகங்கள் உள்ளன. ஒன்று, 1923இல் உருவான இம்பீரியல் கால்நடை, பால்வள நிறுவனத்தின் வளாகம். தலைமையகம் 1955இல் கர்னாலுக்குப் போனபின், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக அது தொடர்கிறது. கால்நடைகளின் ஊட்டத்தையும் உடலியங்கியலையும் ஆராயும் மற்றொரு தேசிய நிறுவனமும் 1995 முதல் அடுகோடியில் இயங்குகிறது. இரண்டாவது, மைக்கோ தொழிற்சாலை உருவான வளாகம். 1951இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 1953 முதல் இங்கே ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் எஞ்சினுக்கான எரிபொருள் பம்புகளையும் செய்தது. 2008இல் பெயர் மாறி பாஷ் ஆனது. ஓரிடத்தில் பசுவின் வயிற்றில் உயிர் எப்படி வளர்கிறது என்ற ஆய்வு. இன்னோரிடத்தில் எஞ்சின் வேகத்தை எப்படிக் கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற ஆய்வு.

இந்த இரண்டு வேலைகளுக்கும் பொதுவான ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது: ‘குவிக்கன்’. இன்று அதற்கு ‘விரைவுபடு’, ‘விரைவுபடுத்து’ என்று பொருள் சொல்லுவோம். ஆனால் அது பிறந்தபோது அதன் பொருள் ‘உயிர்கொள்’, ‘உயிர் கொடு’ என்பதே. உயிரைக் குறித்த சொல் வேகத்தைக் குறிக்கப் போனது எப்படி? பழைய பொருள் இன்னும் எங்கே மிச்சமிருக்கிறது? இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து போனால், நம் குற்றவியல் சட்டத்துக்குள்ளும் பெங்களூரின் சாலைகளுக்குள்ளும் வந்து சேர்கிறோம். வழியில் ஒன்று தெளிவாகிறது. இந்தச் சொல்லின் கதையில் பொருள் மட்டும் மாறவில்லை. வேகம் யாருக்குள்ளிருந்து எழுகிறது, யாரால் திணிக்கப்படுகிறது என்பதும் மாறியிருக்கிறது.

ஜீவனின் உறவு

‘குவிக்’ என்ற பெயரடைக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘க்விச்’, ‘க்விக்’ போன்ற ஒலிப்புகள் இருந்தன. பொருள்: உயிருள்ள. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. ஜெர்மனில் ‘எர்குவிக்கன்’ என்றால் களைத்தவருக்குத் தெம்பூட்டுவது. ஐஸ்லாந்து மொழியில் திரைப்படத்துக்கு ‘க்விக்மிண்ட்’ என்று பெயர். அசையும் படம், உயிருள்ள படம் என இரண்டு பொருளும் அதில் கேட்கும். பூமிக்குள் கொதித்து ஓடும் பாறைக்குழம்பையும் அம்மொழி இதே வேரிலிருந்து ‘க்விக்கா’ என்கிறது.

ஜெர்மானியத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போனால், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மூல வேர் ஒன்று தெரிகிறது. ‘வாழ்’ என்பது அதன் பொருள். அந்த வேரின் முதல் மெய்யொலி மொழிக்கு மொழி வேறு வேறாகத் திரிந்தது. லத்தீனில் அது ‘வீவுஸ்’, ‘வீட்டா’ ஆனது. கிரேக்கத்தில் ‘பியோஸ்’, உயிரியலைக் குறிக்கும் ‘பயாலஜி’யின் முதற்பகுதி அதுதான். லித்துவேனிய மொழியில் ‘கீவாஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ஜீவ’. கேட்பதற்கு ஒன்றோடொன்று ஒட்டாத இந்தச் சொற்கள் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதைக் காட்டியவை ஒலித்திரிபு விதிகள். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை அந்த ஆய்வுக்கு வழி திறந்தது. 1822இல் யாக்கோப் கிரிம் ஜெர்மானிய ஒலித்திரிபுகளை விதியாக வகுத்தார்.

ஆக, ஆங்கிலத்தின் ‘குவிக்’கும் நாம் அன்றாடம் சொல்லும் ‘ஜீவன்’ என்பதும் உறவுக்காரர்கள். அந்த உறவு தமிழுக்கும் கன்னடத்துக்கும் சமஸ்கிருதம் வழியாக வந்தது. ‘ஜீவனம்’ என்றால் பிழைப்பு. விவாகரத்து வழக்கில் நீதிமன்றம் விதிப்பது ‘ஜீவனாம்சம்’. தமிழின் ‘உயிர்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் சென்னையில் எஃப். டபிள்யூ. எல்லிஸ் எடுத்துக்காட்டினார், 1856இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார்.

உயிருள்ளவை என்று நம்பப்பட்டவை

‘குவிக்’கின் பழைய பொருள் கூட்டுச்சொற்களில் பத்திரமாக இருக்கிறது. பாதரசத்தை ஆங்கிலம் ‘குவிக்சில்வர்’, அதாவது உயிருள்ள வெள்ளி என்கிறது. லத்தீன்காரர்கள் இட்ட பெயரின் நேர்ப்பெயர்ப்பு அது. பீங்கான் தட்டில் ஒரு சொட்டுப் பாதரசத்தை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் புரியும். தட்டை லேசாகச் சாய்த்தாலே ஓடும். விரலால் தொடப் போனால் சிதறும். சிதறிய மணிகள் ஒன்றையொன்று நெருங்கியதும் சட்டென்று ஒன்றாகிவிடும்.

சுட்ட சுண்ணாம்பு ‘குவிக்லைம்’, உயிருள்ள சுண்ணாம்பு. காளவாயில் சுட்டெடுத்த கட்டிகள் பார்வைக்கு வெறும் வெள்ளைக் கற்கள். தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் சீறும், பிளக்கும், ஆவி பறக்கக் கொதிக்கும். கடைசியில் மாவாக உதிர்ந்து அடங்கும். கால்சியம் ஆக்சைடு நீரோடு சேர்ந்து வெப்பத்தை வெளிவிடும் வேதிவினை இது. ஐரோப்பியர் அந்தக் கொதிப்பில் உயிரைக் கண்டார்கள். தமிழர் அதே பொருளைப் பக்குவத்தால் பெயரிட்டார்கள்: நெருப்பில் சுட்டது சுட்ட சுண்ணாம்பு, தண்ணீரில் அடங்கியது நீற்றின சுண்ணாம்பு. புதைமணல் ஆங்கிலத்தில் ‘உயிருள்ள மணல்’. நகத்தை ஒட்ட வெட்டினால் சுரீரென்று வலிக்கும் சதைக்கு அவர்கள் வைத்த பெயர் வெறும் ‘குவிக்’. அந்த இடத்தை நாம் நகக்கண் என்கிறோம்.

இவற்றில் பொதுவாக இருப்பது அசைவும் உணர்வும். எது தானாக அசைகிறதோ, எது தொட்டதும் எதிர்வினை காட்டுகிறதோ, அதற்கு உயிர் இருக்கிறது என்பது பழைய கண்ணோட்டம். அசைவு உயிருக்குச் சான்றாக இருந்ததால், நன்றாக உயிர்ப்போடு இருப்பது நன்றாக அசைவது என்றாயிற்று. நன்றாக அசைவது விரைந்து அசைவது என்றாயிற்று. 1300ஐ ஒட்டி ‘குவிக்’ சுறுசுறுப்பையும் குறிக்கத் தொடங்கியது. ‘குவிக்கன்’ என்ற வினை எழுத்தில் தென்படுவதும் அதே காலத்தில்தான். அப்போது அதன் பொருள் உயிர்பெறுவது, உயிர்ப்பிப்பது. ஒன்றை விரைவுபடுத்துவது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வருகிறது. தானே விரைவது என்ற பொருள் எழுத்தில் நிலைக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் ஆகிறது. நீராவி எஞ்சின் தொழிற்சாலைகளில் கால் ஊன்றியிருந்த காலம் அது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் ஆங்கில விவிலியத்தில் 119ஆம் சங்கீதத்தைப் பாடியவர் இந்த வினையைச் சொல்லித்தான் மீண்டும் மீண்டும் இறைவனிடம் மன்றாடுகிறார். தமிழ் விவிலியம் அங்கே ‘உயிர்ப்பியும்’ என்கிறது. அக்கால ஆங்கிலத்தை வாசிக்காத இன்றைய ஆங்கிலேயர் அந்த வேண்டுதலை ‘என்னை விரைவுபடுத்தும்’ என்று தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. பிற்கால ஆங்கிலப் பெயர்ப்புகள் பலவும் அந்த வினையைக் கைவிட்டுவிட்டன. தமிழ் வாசகருக்கு அந்தக் குழப்பம் நேரவேயில்லை.

சட்டத்தில் அசையும் சிசு

பழைய பொருள் கல்வெட்டுப்போல நின்றுவிட்ட இடம் ஒன்று உண்டு. கருவுற்ற பெண் தன் வயிற்றுப் பிள்ளையின் அசைவை முதன்முதலாக உணரும் தருணத்தை ஆங்கிலம் ‘குவிக்கனிங்’ என்கிறது. முதல் பிரசவமானால் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள்; அடுத்த பிரசவங்களில் அதற்குச் சற்று முன்பே. நஞ்சுக்கொடி கருப்பையின் முன்புறம் இருந்தால் இன்னும் தாமதமாகத் தெரியும்.

1765இல் வெளியான தன் புகழ்பெற்ற சட்ட விளக்கவுரையில் வில்லியம் பிளாக்ஸ்டன், தாயின் வயிற்றில் சிசு அசையத் தொடங்கும்போது சட்டத்தின் பார்வையில் உயிர் தொடங்குகிறது என்று எழுதினார். 1803இல் எல்லன்பரோ பிரபு கொண்டுவந்த சட்டம் அசைவுக்குப் பிந்தைய கருக்கலைப்புக்கு மரண தண்டனையும், முந்தையதற்கு அதைவிடக் குறைந்த தண்டனையும் விதித்தது. மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பிணி என்று முறையிட்டால், மூத்த பெண்களைக் கொண்ட ஒரு குழு அவளைச் சோதிக்கும். சிசு அசைகிறது என்று அவர்கள் சொன்னால் தூக்கு தள்ளிப்போகும். ஆங்கிலப் பெண்களின் உயிரே அந்த ஒரு சொல்லில் தொங்கிய காலம் இருந்தது.

1837இல் இங்கிலாந்து அசைவுக்கு முன், பின் என்ற வேறுபாட்டைக் கருக்கலைப்புச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் அது இடம்பெற்றது: கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரை சிறை, பெண் ‘குவிக் வித் சைல்ட்’ என்ற நிலையில் இருந்தால் ஏழாண்டு வரை. தாய்நாட்டில் கைவிடப்பட்ட அளவுகோல் குடியேற்ற நாட்டில் வேரூன்றியது. இன்றும் அது போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு அதே சொற்களோடு, அதே தண்டனைகளோடு நிற்கிறது. அதன் 92ஆம் பிரிவு அசைவு பெற்ற சிசுவின் மரணத்துக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. பெண்ணின் சம்மதமில்லாத கருக்கலைப்பைப் பேசும் 89ஆம் பிரிவு மட்டும், சிசு அசைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்டனை ஒன்றே என்று தெளிவாகச் சொல்கிறது. குடியேற்றக் காலச் சுவடுகளைக் களைவதாக அறிவித்து எழுதப்பட்ட சட்டத்தில், பழைய ஆங்கிலத்தின் ‘உயிருள்ள’ என்ற பொருள் விளக்கம்கூட இல்லாமல் தொடர்கிறது.

இன்னொரு பக்கம், 1971இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அசைவைக் கணக்கில் எடுப்பதில்லை; வாரங்களை எண்ணுகிறது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் அந்த 24 வார உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒரே நாட்டில் ஒரு சட்டம் பெண் உணர்வதை அளவுகோலாக வைக்கிறது. மற்றொன்று நாட்காட்டியை வைக்கிறது.

அசைவை எல்லையாக வைப்பது ஆங்கிலேயரின் தனிச்சொத்தல்ல. பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம் பும்சவனச் சடங்கைக் கரு துடிப்பதற்கு முன் செய்யச் சொல்கிறது. சுஸ்ருத சம்ஹிதை நான்காம் மாதத்தில் கருவின் இதயம் வெளிப்படுவதாகவும், அப்போது தாய் இரண்டு இதயம் கொண்டவள் ஆகிறாள் என்றும் கூறுகிறது. அவள் ஆசைப்பட்டதைக் கொடுக்கவேண்டும் என்ற மசக்கைக்கால வழக்கத்துக்கு அந்நூல் காட்டும் காரணம் இதுவே.

இந்த மரபுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, சாட்சி யார் என்பது. 1958இல் கிளாஸ்கோவின் ஐயன் டொனால்ட் குழுவினர் மீயொலிப் படங்களை மருத்துவ இதழில் வெளியிடும்வரை, வயிற்றுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க எளிய வழியில்லை. பிள்ளை அசைந்தது என்பதை முதலில் அறிந்தவள் தாய் மட்டுமே. மருத்துவரும் கணவரும் நீதிபதியும் அவள் சொன்னபிறகுதான் அறிந்தார்கள். அதேசமயம் 88ஆம் பிரிவின் விளக்கம் தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளியாக்குகிறது. அவளே சாட்சி, அவளே குற்றம்சாட்டப்படக்கூடியவள். ஏழெட்டு வாரத்திலேயே கரு அசையத் தொடங்குவதை இன்று கருவி காட்டுகிறது. ஆகவே அசைவை உணர்வது உயிரின் தொடக்கத்தைக் குறிப்பதல்ல. அந்த உயிரைத் தாய் அறிந்துகொள்ளும் தருணத்தை அது குறிக்கிறது. கருவி வந்ததால் அவள் அறிவு வீணாகிவிடவும் இல்லை. கடைசி மாதங்களில் பிள்ளையின் அசைவைக் கவனிக்கச் சொல்லி, குறைந்தால் தாமதிக்காமல் வரச் சொல்கிறார்கள் மகப்பேறு மருத்துவர்கள்.

துடியும் முடுக்கும்

உயிரையும் விரைவையும் ஒருசேரச் சொல்லும் தமிழ்ச்சொல் எது என்று தேடினால் ‘துடி’ கிடைக்கிறது. இதயம் துடிக்கிறது, கண் துடிக்கிறது. துடிப்பான பிள்ளை என்றால் சுறுசுறுப்பானவன். கேட்ட வரத்தை உடனே கொடுக்கும், தப்பு செய்தவனை உடனே தண்டிக்கும் அம்மனைத் துடியான தெய்வம் என்கிறார்கள். வலியில் துடிப்பதும், ஒன்றைச் செய்யத் துடிப்பதும் இதே சொல்தான். பழந்தமிழர் போர்ப்பறைகளுள் ஒன்றுக்குத் துடி என்றே பெயர். அதை முழக்கியவர் துடியர். உயிர், வேகம், வலி, ஆவல் ஆகிய நான்கையும் ஏந்தி நிற்கும் இந்தச் சொல் ‘குவிக்கன்’ நடந்துவந்த தூரத்தின் பெரும்பகுதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

ஆனால் தமிழ் இலக்கணம் இன்னொரு வேறுபாட்டையும் காக்கிறது; ஆங்கில வினையில் அது மறைந்துபோகிறது. ‘குவிக்கன்’ தானே விரைவதையும் குறிக்கும், பிறரை விரையவைப்பதையும் குறிக்கும், வடிவம் ஒன்றே. தமிழில் முடுகுதல் தன்வினை, முடுக்குதல் பிறவினை. தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களுள் ஒன்று முடுகு வண்ணம். அடியின் எல்லை தெரியாமல் ஓசை தானே ஓடும் நடை. முடுக்குவதோ மாட்டை ஓட்டுவது, திருகாணியை இறுக்குவது, ஆளை விரட்டுவது. ஒரு ககர மெய் கூடியதும் வேகத்தின் உரிமையாளர் மாறிவிடுகிறார். உயிர்த்தல், உயிர்ப்பித்தல் என்ற இணையும் அப்படியே.

வரலாற்றை இந்த இலக்கணத்தின் கண்ணால் பார்த்தால் தெளிவு பிறக்கிறது. பாதரசம் முடுகுகிறது, வயிற்றுப் பிள்ளை முடுகுகிறது. அசைவு உள்ளிருந்து எழுவதால்தான் அது உயிர் என்று கொள்ளப்பட்டது. எஞ்சின் காலத்துக்குப்பின் அந்த வினை பெரும்பாலும் வேகத்தையே குறிக்கத் தொடங்கியது. வேகம் வெளியிலிருந்து ஏற்றப்படுவதாயிற்று.

அடுகோடியின் வேகங்கள்

1927இல் காந்தி ரத்த அழுத்தம் கூடி நோயுற்றார். ஓய்வு கட்டாயம் என்று மருத்துவர்கள் சொல்ல, நந்தி மலையிலும் பிறகு பெங்களூரிலும் தங்கினார். அந்த ஓய்வில் அவர் தேடிப்போன இடம் அடுகோடி வளாகத்தின் பால்பண்ணை. நிபுணர் வில்லியம் ஸ்மித்திடம் மாடு வளர்ப்பைப் பற்றிப் பாடம் கேட்டார். வருகைப் பதிவேட்டில் தன் தொழிலை விவசாயி என்று எழுதினார். ரயிலின் வேகத்தை 1909இலேயே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் கடுமையாக விமர்சித்தவர், சினை மாட்டின் நிதானத்துக்கு ஏற்ப நடக்கும் தொழிலின் நுட்பங்களை இங்கே கற்றார். ஒரு பசு கன்று ஈன ஏறக்குறைய 280 நாட்கள். எந்த ஆய்வுக்கூடமும் அதைச் சுருக்கவில்லை. சினை பிடித்திருப்பதை முன்கூட்டி அறிய அறிவியல் உதவுகிறது.

எதிரே மைக்கோ செய்த டீசல் பம்பின் வேலை, ஒவ்வொரு வெடிப்புக்கும் வேண்டிய எரிபொருளை அளந்து உரிய கணத்தில் உருளைக்குள் பீச்சுவது. அந்தப் பம்போடு கவர்னர் என்ற உறுப்பும் சேர்ந்தே வரும். சுழற்சி எல்லை மீறினால் உள்ளே சுழலும் எடைக்குண்டுகள் வெளிப்புறம் விரிந்து, எரிபொருளைத் தாமாகக் குறைத்துவிடும். முடுக்கும் கருவிக்குள்ளேயே கட்டுப்படுத்தும் கருவியையும் பொருத்தியாக வேண்டும் என்பதை எஞ்சின் கட்டியவர்கள் தொடக்கத்திலேயே கற்றார்கள்.

பக்கத்துக் கோரமங்கலாவில் 2014இல் ஸ்விக்கி தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதி இணையவழி விநியோகத்தின் தலைநகரங்களுள் ஒன்றாகியிருக்கிறது. பிறகு வந்தது ‘குவிக் காமர்ஸ்’: கொத்தமல்லிக் கட்டும் பால் பாக்கெட்டும் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில். கிடங்குகள் அருகில் இருப்பதால்தான் இந்த வேகம், வண்டி ஓட்டுபவரை நாங்கள் விரட்டுவதில்லை என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் சம்பளம் ஆர்டர் கணக்கில் வரும்போது, யாரும் விரட்டாமலேயே அவர் விரட்டப்படுகிறார். மழையில், மேடு பள்ளத்தில், சிவப்பு விளக்கின் முன் நிற்கும் ஒவ்வொரு நொடியும் அவர் ஜீவனத்திலிருந்து கழிகிறது. 2020–21இல் நாட்டில் விநியோகம் உள்ளிட்ட ‘கிக்’ வேலைகளைச் செய்யும் தொழிலாளர் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. 2029–30இல் இது 2.35 கோடியாகும் என்றும் கணித்தது.

ராஜஸ்தான் 2023இல் இவர்களுக்காக முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது. கர்நாடகத்தின் சட்டம் 2025இல் வந்தது. தொழிலாளருக்குத் தரும் தொகையின்மீது நிறுவனங்கள் 1 முதல் 5 சதவீதம் நலநிதிக் கட்டணம் செலுத்த வேண்டும். வேலையைப் பங்கிட்டுக் கண்காணிக்கும் தானியங்கி முறைகள் எப்படி இயங்குகின்றன என்பதைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இரண்டாவது விதியே என் பார்வையில் கவர்னருக்கு இணையானது. எந்தக் கணக்கு தன்னை முடுக்குகிறது என்று அறிந்தவருக்கே அதை மறுக்க முடியும்.

முடிவாக

‘குவிக்கன்’ என்ற வினையின் வரலாறு இரண்டு செயல்களை நம்மிடம் கோருகிறது. ஒன்று சட்டம் சார்ந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 88, 92ஆம் பிரிவுகளில் பொருள் வரையறையின்றி நிற்கும் பழைய ஆங்கிலச் சொற்றொடரை நாடாளுமன்றம் நீக்கவேண்டும். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் ஏற்கெனவே வாரக்கணக்கைத் தந்திருக்கிறது. ஒரு பெண் தன் உடம்பில் உணர்ந்ததை அவளுக்கு எதிரான தண்டனையைக் கூட்டும் ஆதாரமாக்குவது, அந்த உணர்வுக்குச் செய்யும் அநீதி. அதுவரை இப்பிரிவுகளைத் தமிழாக்குவோர், அசைவை உணர்ந்தவள் தாய் என்பது விளங்கும்படி மொழிபெயர்க்க வேண்டும்.

மற்றது தொழில் சார்ந்தது. விநியோக நேரத்தை வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தால், அந்த நேரத்தில் ஓட்ட முடியாது என்று சொல்லும் உரிமை ஓட்டுபவருக்கும் வருமான இழப்பின்றி இருக்க வேண்டும். நலநிதி அடிபட்டபிறகு உதவும். இந்த உரிமை அடிபடாமல் காக்கும். கர்நாடகச் சட்டம் வெளிப்படைத்தன்மை வரை வந்திருக்கிறது. வருமான இழப்பின்றி மறுக்கும் முழு உரிமைவரை அது போகவேண்டும். வேகம் யாருடைய உடம்பில் நிகழ்கிறதோ, அதற்கு எல்லை வகுக்கும்போது அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.